குரல் வந்த பக்கம்

"ஏங்கண்ணு, என் கண்ணைக் கட்டி உட்டாலும் நீ நிக்கற எடத்துக்கு நேரா வந்து சேந்துருவேன். நம்பறயா?"

அக்கா புருஷன் தனபால் இப்படிக் கேட்டபோது பூங்குழலி வாய் திறக்கவில்லை. யார் எதைக் கேட்டாலும் முதலில் தலையைக் குனிந்துகொள்வதுதான் அவள் வழக்கம். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன் ஐயா' என்று சொல்வதற்குக்கூடத் தொண்டை அடைத்துக்கொள்ளும். வகுப்பே திரும்பிப் பார்க்கும். வந்திருந்த நாளிலும் வராதவளாகவே ஆனாள். ஒன்பதாம் வகுப்பின் பாதியில் ஒரு காலையில் பையை மாட்டாமல் மிளகுக் கொடிக்கு மண் அணைக்கப் போனாள். அதோடு படிப்பு நின்றது. ஏன் என்று அம்மா பொன்னம்மாள் கேட்டாள். அதற்கும் தலைதான் குனிந்தது.

ஆனால் மலைச் சரிவில் அவளுக்கு வேறொரு குரல் இருந்தது. எதிர்ச் சரிவில் மேயும் மாட்டைத் திருப்ப அவள் 'ஊ... ஓய்' என்று கூப்பிட்டால் திருப்புலி நாட்டு ஊர்களில் பாதிக்குக் கேட்கும் என்பார்கள். வார்த்தை இல்லாத அந்தக் கூப்பாட்டுக்கு மட்டும் தொண்டை திறந்துகொண்டது. தன் முகத்தை யாரும் பார்க்க முடியாத தூரம் என்பதாலோ என்னவோ.

தனபாலுக்கு அந்தக் குரல்தான் வேண்டியிருந்தது.

"துண்டை இறுக்கிக் கட்டு" என்று தரையில் உட்கார்ந்தான். கேழ்வரகு அறுத்து முடிந்து வெறுமையாகக் கிடந்த காடு அது. பூங்குழலி வீட்டு வாசலிலிருந்து பலா மரம் வரைக்கும் நீண்டிருந்தது. அக்கா அருணா புருஷனின் கண்ணைக் கட்டிவிட்டு, "ஏண்டி, பாத்துக் கூப்புடு. எம் புருசனைக் கொண்டுபோய்ப் பள்ளத்துல தள்ளிப்புடாத" என்றாள்.

"உங்கக்காளுக்கு உள்ளுக்குள்ள அதான் ஆசை. நீ கூப்புடு கண்ணு."

பூங்குழலி பலா மரத்தடிக்குப் போய்க் கூப்பிட்டாள். தனபால் எழுந்து, கயிறு கட்டி இழுத்ததுபோல அவளை நோக்கி நடந்தான். அவள் சத்தமில்லாமல் சுற்றி அவனுக்குப் பின்னால் போய்க் கூப்பிட்டாள். குதிகாலில் திரும்பினான். மேட்டில் ஏறி நின்று கூப்பிட்டாள். அங்கேயும் வந்தான். கடைசியில் அவன் கை அவள் தலை மேலேயே வந்து விழுந்தது.

"பாத்தயா? எங்காது பொய் சொல்லாது, உங்கொரலும் பொய் சொல்லாது. நாளையிலருந்து எங்கூட வேலைக்கு வா."

வேலை என்பது சில்வர் ஓக் மரம் சாய்ப்பது. கொல்லிமலையில் மிளகுக்கொடி ஏறி நிற்பதெல்லாம் அந்த மரத்தில்தான். முற்றின மரத்தைக் கொடி இறக்கிவிட்டு விற்பார்கள். தனபால் மரம் அறுக்கும் மெஷின் பிடிப்பான். கூட்டாளி கருப்பண்ணன் மரத்தின் உச்சியில் கட்டிய வடத்தைத் தூரத்தில் நின்று இழுத்துப் பிடிப்பான். மூன்றாவது ஆள் 'குரல்'.

மரத்தடியில் நிற்பவனுக்கு மரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியாது. தள்ளி நிற்பவருக்குத்தான் தெரியும். பேசி வைத்த பக்கம் மரம் சாய்ந்தால் குரல் சும்மா இருக்கும். மரம் முறுக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினால், குரல்காரர் ஆபத்தில்லாத பக்கத்தில் நின்று கூப்பிட வேண்டும். மெஷின்காரன் மேலே பார்க்கக் கூடாது. யோசிக்கக் கூடாது. மெஷினைக் கீழே போட்டுவிட்டுக் குரல் வந்த பக்கம் ஓட வேண்டும். அவ்வளவுதான் சட்டம். 'இடப்பக்கம்' என்று கத்தினால் யாருடைய இடம் என்று ஒரு நொடி யோசனை போகும். அந்த ஒரு நொடிக்கு மரம் காத்திருக்காது.

பூங்குழலி வேலைக்குச் சேர்ந்த பிறகு இரண்டு முறை மரம் முறுக்கியது. இரண்டு முறையும் தனபால் நேராக அவளிடம் வந்து நின்று, மூச்சு வாங்க, "எங்கொலசாமி நீதான் சாமி" என்றான். அதற்கு முன் வாழ்க்கையில் அவளை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. முதல் தடவை கேட்ட அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவுக்குக் கேட்காமல் சிரித்தாள்.

*

மெஷின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தனபாலின் காதைத் தின்றது. முதலில் டீவியைச் சத்தமாக வைத்தான். பிறகு பக்கத்தில் இருப்பவர்களிடம் பள்ளத்தில் இருப்பவர்களிடம் பேசுவதுபோலப் பேசினான். படுத்தால் இரண்டு காதுக்குள்ளும் சில்வண்டு கத்துவதாகச் சொன்னான்.

"ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு காடே கத்துது" என்பான் சிரித்துக்கொண்டே.

அருணாவால் சிரிக்க முடியவில்லை. மகள் சுமித்ரா அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தாள். மெல்லிய, கீச்சுக் குரல். அப்பா காலைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொல்வாள். அவன் தலையைத் தடவிவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் குழந்தை அழுதுகொண்டே அம்மாவிடம் வந்து, "அப்பா எம்மேல கோவம்" என்றது.

மறுநாளே அருணா பஸ் ஏறி மலை இறங்கினாள். தங்கையையும் துணைக்குக் கூட்டிக்கொண்டாள். அடிவாரத்தில் யாக்கூப் பாயின் கடையில்தான் தனபால் மெஷினுக்குச் சங்கிலி வாங்குவான். அவர் பெட்டியைத் திறந்து ஒரு காதுமூடியை எடுத்து வைத்தார். சிவப்பு பிளாஸ்டிக் கிண்ணங்கள் இரண்டு, உள்ளே மெத்தை, தலைக்கு மேலே வளைந்த பட்டை.

"போன காது திரும்பி வராதும்மா. இருக்கறதக் காப்பாத்திக்கலாம். இதை நீங்க முன்னாடியே வாங்கியிருக்கணும்" என்றார்.

"ஏனுங்க பாய், இதைப் போட்டுக்கிட்டா ஆளு கூப்புட்டாக் கேக்குமுங்களா? எந்தங்கச்சிதான் மரத்துக்குக் கூப்புடறவ."

"மெஷின் சத்தத்த அமுக்கும். ஓங்கிக் கூப்புட்டாக் கேக்கும். வேணும்னா ஊட்டுல போட்டுப் பாருங்க. கேக்கலைன்னாக் கொண்டாந்து குடுங்க, எடுத்துக்கறேன்."

அவர் சொன்னது எதுவும் பொய் இல்லை. அன்று சாயங்காலமே போட்டுப் பார்த்தார்கள். தனபால் காதுமூடியோடு வாசல் திண்ணையில் உட்கார்ந்தான். பூங்குழலி காட்டுக் கடைசியில் நின்று கூப்பிட்டாள். அவன் கையைத் தூக்கினான். இன்னும் தூரம் போய்க் கூப்பிட்டாள். மறுபடியும் தூக்கினான்.

"கேக்குது, கேக்குது. போர்வைக்குள்ள இருந்து கேக்கற மாதிரி இருக்குது, ஆனாக் கேக்குது."

அருணாவின் முகம் மலர்ந்துவிட்டது. கேட்கிறதா என்று எல்லோரும் பார்த்தார்கள். எங்கிருந்து கேட்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அவன் கண் எதிரேதானே அவள் நின்றிருந்தாள்.

தினமும் காலையில் அருணா தன் கையாலேயே அதை அவன் கழுத்தில் மாட்டி அனுப்புவாள். "மறந்து கழட்டி வெச்சுப்புடாதீங்க மாமா" என்று வாசல் வரை வந்து சொல்வாள். கொஞ்ச மாதத்தில் சில்வண்டு அடங்கியது. முழுக்க இல்லை, படுத்தால் உறக்கம் வரும் அளவுக்கு. சுமித்ரா சொல்லும் கதைக்கு அவன் 'ம்' கொட்டத் தொடங்கினான். மரம் சாய்ப்பதிலும் தடங்கல் எதுவும் வரவில்லை. வெயில் காலம் அது. பூங்குழலி கட்டியிருந்த சிவப்புத் துண்டு எங்கிருந்தாலும் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. காது விட்டதைக் கண் பிடித்துக்கொண்டிருந்தது. அது அவர்கள் யாருக்கும் தெரியாது.

*

பெரக்கரை நாட்டில் அர்த்தனாரி என்பவரின் தோட்டத்தில் வேலை நடந்த நாள், மழைக்குப் பிந்தைய பனிமூட்டம் விடியற்காலையிலிருந்தே நகரவில்லை. நின்று பார்க்கலாமா என்றான் கருப்பண்ணன். மத்தியானத்துக்கு லாரி வருகிறது, ஒரு மரம்தானே என்றான் தனபால்.

மரத்தைத் தனபாலின் வலக்கைப் பக்கம், வாழை இருந்த பக்கம் சாய்ப்பதாகப் பேச்சு. கருப்பண்ணன் வடத்தோடு அந்தப் பக்கம் கீழே போனான். பூங்குழலி தனபால் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருந்த பாறை மேல் ஏறினாள். தனபால் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தான். காதுமூடியை இழுத்துவிட்டுக்கொண்டான். மெஷின் அலறியது.

மரத்தின் உள்ளே பொந்து இருந்தது. வெளியே தெரியவில்லை. வெட்டு பாதிகூடப் போகவில்லை, படாரென்று பிளந்தது. வாழைப்பக்கம் போக வேண்டிய மரம் முறுக்கிக்கொண்டு தனபாலுக்கு முன்பக்கம் திரும்புவதைப் பூங்குழலி பார்த்தாள். அவன் பின்னால் வந்தால் போதும். பத்தடி. பாறைக்கு வந்தால் போதும்.

கூப்பிட்டாள்.

அவன் மெஷினைக் கீழே போட்டான். தலை நிமிர்ந்தது. கேட்டிருக்கிறது. தலை இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது. தெருவில் நின்று எந்த வீடு என்று தேடுகிறவன்போல இருந்தது அது. அவள் மறுபடியும் கூப்பிட்டாள். அவன் முடிவு செய்துவிட்டான். குரல் வந்த பக்கம் என்று அவன் நம்பிய பக்கம், அவளுக்கு நேர் எதிராக, மூட்டத்துக்குள் ஓடினான்.

அவள் மூன்றாவது முறை கூப்பிட்டபோது மரம் தரையில் விழுந்திருந்தது.

*

துக்கத்துக்கு வந்தவர்களிடம் கருப்பண்ணன் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னான். "நான் எதையும் பாக்கலீங்க. மூட்டத்துல எங்கையே எனக்குத் தெரியல. ஆனா ஒண்ணு. கொரலு வந்த பக்கந்தான் தனபாலு ஓடுவான். அதுல அவன் தப்பவே மாட்டான்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. செத்தவனின் பெருமையைத்தான் சொன்னான். ஆனால் கேட்டவர்கள் மீதியைத் தாங்களே கூட்டிக்கொண்டார்கள். அவன் தப்பவில்லை என்றால் குரல் தப்பியிருக்கிறது. பொண்ணு நிற்கக் கூடாத பக்கம் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்திலேயே தடுமாறினதுதானே. அக்காவின் பக்கத்து வீட்டுப் பாப்பாயி கிழவி மட்டும், "வயசுப் புள்ளயப் போயி அந்த வேலைக்கு உட்டவங்களச் சொல்லோணும்" என்றாள். அது பூங்குழலிக்கு இன்னும் வலித்தது.

காரியம் முடிந்த அன்று அருணா கேட்டாள்.

"எங்க நின்ன?"

"பாறை மேல."

"அப்பறம் ஏன் அவரு முன்னால ஓடுனாரு?"

பூங்குழலி தலையைக் குனிந்தாள். அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அந்தக் குனிந்த தலையை அருணா நெடுநேரம் பார்த்தாள். பிறகு தங்கையிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். வையவில்லை, சபிக்கவில்லை. அடுத்த ஊரில் புருஷன் வீட்டிலேயே குழந்தையோடு இருந்துகொண்டாள். அம்மா வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டுப் போனாள்.

பூங்குழலியின் கூப்பாடும் நின்றது. மாடு எதிர்ச் சரிவுக்குப் போனால் நடந்தே போய்த் திருப்பிக்கொண்டு வந்தாள். சில நாள் அவளுக்கே சந்தேகம் வந்தது. பாறை மேல்தான் நின்றோமா? மூட்டத்தில் வேறெங்காவது இறங்கிவிட்டோமா? நினைக்க நினைக்கப் பாறை கரைந்துகொண்டே போனது.

கருப்பண்ணன் கொண்டுவந்து போட்ட மெஷினும் காதுமூடியும் அம்மா வீட்டில் மூலையில் கிடந்தன. ஒருநாள் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தபோது பாதையில் போனவர்கள் எதையோ பேசிச் சிரித்தார்கள். தன்னைப் பற்றி இருக்காது. ஆனாலும் அவள் எழுந்து போய் அந்தக் காதுமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். உலகம் தள்ளிப் போனது. நன்றாக இருந்தது.

"குழலி" என்று அம்மா கூப்பிடுவது கேட்டது. நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"குழலி, இங்க பாரு."

பலா மரத்தைப் பார்த்தாள். யாரும் இல்லை. தோளில் ஒரு கை விழுந்தது. அம்மா பின்னால் நின்றிருந்தாள்.

"முதுகுக்குப் பின்னால நிக்கறேன், நீ ஊரெல்லாம் தேடற. என்னாச்சு உனக்கு?"

பூங்குழலி காதுமூடியைக் கழற்றி மடியில் வைத்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாளே, இப்போது. அந்தத் திருப்பலை அவள் முன்பு பார்த்திருக்கிறாள்.

சாயங்காலம் அம்மாவைக் காட்டுக்குக் கூட்டிப்போனாள். காதுமூடியை மாட்டி, துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, எங்கேயாவது போய் நின்று கூப்பிடச் சொன்னாள். மகள் விளையாட்டுக் கேட்கும் அளவுக்குத் தேறிவிட்டாள் என்று பொன்னம்மாளுக்குச் சந்தோஷம். சுற்றிச் சுற்றி வந்து கூப்பிட்டாள். பின்னால் கூப்பிட்டது முன்னால் கேட்டது. மேட்டில் கூப்பிட்டது பள்ளத்தில் கேட்டது. காதுமூடியைக் கழற்றினால் விரலை நீட்டிக் காட்ட முடிந்தது. மாட்டினால் குரல் இருந்தது, குரலுக்கு இடம் இல்லை.

"நான் பாறை மேலதான் நின்னேன்" என்றாள் துண்டை அவிழ்த்துக்கொண்டே. எவ்வளவோ நாளுக்குப் பிறகு முழுசாக வந்த ஒரு வாக்கியம்.

"என்ன சாமி?"

"ஒண்ணுமில்லீங்கம்மா."

விடிந்ததும் அக்கா வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எந்த இடத்திலும் வாய் தடுக்கவில்லை. வாசலை மிதித்தபோது உள்ளே அருணா பாப்பாயியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"கடைசிக் காலத்துல புள்ள பேசறதக் காதாரக் கேட்டுட்டுத்தான் போனாருங்க பாட்டி. அந்தக் காதுமூடிய நான் வாங்கிக் குடுக்காட்டி அதுகூட இல்ல. அவருக்கு நான் பண்ணுன நல்லதுன்னா அது ஒண்ணுதான். அத நெனச்சுத்தான் ராத்திரி கண்ணை மூடறேன்."

பூங்குழலி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அருணா திரும்பிப் பார்த்தாள்.

"என்ன?"

தொண்டை திறந்துதான் இருந்தது. அவள்தான் மூடிக்கொண்டாள்.

"சும்மா வந்தேன்" என்றாள். திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து காதுமூடியை மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளி, மேலே கோணிச் சாக்கைப் போட்டாள்.

*

மெஷினைக் குண்டூர் நாட்டில் ஒருவர் விலைக்குக் கேட்டிருக்கிறார் என்று அருணா அதை எடுத்துப்போக வந்தாள். அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். பூங்குழலி மெஷினைத் துடைத்து வாசலில் வைத்தாள். அருணா அவளைப் பார்க்காமல் அதைப் பார்த்தாள்.

மிளகு மூட்டைகளின் மேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்த சுமித்ரா பின்பக்கம் இறங்கினாள். திரும்பி வந்தபோது காதுமூடி அவள் கழுத்தில் தொங்கியது.

"அப்பாவோட தொப்பி."

"குடு கண்ணு, சித்திகிட்டக் குடு" என்று பூங்குழலி கை நீட்டினாள்.

"மாட்டேன். அம்மா போட்டுக்கோ."

அருணா அதை வாங்கி நெஞ்சோடு கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அவன் தலை எண்ணெய் வாசனை மெத்தையில் இன்னும் இருந்திருக்க வேண்டும். பிறகு மாட்டிக்கொண்டாள். சுமித்ரா குதித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஓடி, அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா" என்றாள்.

அருணா சிரித்தபடி வாசலைப் பார்த்தாள்.

"இங்க" என்று குழந்தை கைகொட்டியது. "அம்மாவுக்குத் தெரியல."

அருணா திரும்பினாள். சிரிப்பு இருந்தது. ஆனால் அது மெல்ல வற்றுவதைப் பூங்குழலி பார்த்தாள். "இன்னொருக்காக் கூப்புடு சாமி" என்று அருணா கண்ணை மூடிக்கொண்டாள். குழந்தை வேறிடத்திலிருந்து கூப்பிட்டது. அருணா விரலை நீட்டிக் காட்டிவிட்டுக் கண்ணைத் திறந்தாள். விரல் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தது.

அவள் விரலை மடக்கினாள். பிறகு வெளியே இறங்கிக் காட்டின் நடுவுக்குப் போய் நின்றாள். முந்தானையை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டாள்.

"குழலி. நீ கூப்புடு."

அவள் பெயரை அக்கா சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"வேண்டாங்க்கா."

"கூப்புடுடி."

பூங்குழலி கூடவே இறங்கிப் போய், அவளுக்குப் பின்னால், மேட்டில் நின்றிருந்தாள். வாயைத் திறந்தாள். அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக அந்தக் கூப்பாடு வந்தது. எதிர்ச் சரிவில் பட்டுத் திரும்பியது.

அருணாவின் தலை நிமிர்ந்தது. இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, தங்கைக்கு முதுகைக் காட்டியபடி, பலா மரத்தை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.

பூங்குழலி யோசிக்கவில்லை. செருப்பை உதறிவிட்டு ஓடினாள். மேட்டிலிருந்து இறங்கி, காட்டின் ஓரமாகச் சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிப் பலா மரத்தடியில் போய் நின்றாள். நீட்டிய கைகள் அவள் தோளைத் தொட்டன. அருணா நின்றாள். கட்டை அவிழ்த்தாள். எதிரே தங்கை நின்றிருந்தாள், நிற்க வேண்டிய இடத்தில்.

"பாத்தயா?" என்றாள் பூங்குழலி. மூச்சு வாங்கியது. "சரியா வந்துட்ட. நாந்தாங்க்கா அன்னிக்கு எடம் மாறி நின்னுட்டேன்."

அருணா காதுமூடியைக் கழற்றினாள். அப்போது வாசலிலிருந்து சுமித்ராவின் கீச்சுக் குரல் தெளிவாகக் கேட்டது.

"அம்மா, சித்தி ஏமாத்துது. அங்கருந்து இங்க ஓடியாந்துச்சு."

அருணா மேட்டைப் பார்த்தாள். அங்கே ஒரு செருப்பு கவிழ்ந்தும் ஒரு செருப்பு நிமிர்ந்தும் கிடந்தன. காட்டின் ஓரமாக ஈர மண்ணில் பாதத் தடம் வளைந்து வந்து பலா மரத்தடியில் முடிந்தது. அந்தத் தடத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை அவள் கண் நடந்து வந்தது. வந்து தங்கையின் சேறு படிந்த காலில் நின்றது. பிறகு கையில் இருந்த காதுமூடியைப் பார்த்தாள். தினமும் காலையில் அவள் கையால் மாட்டிவிட்டது.

"அக்கா" என்றாள் பூங்குழலி. "காது நல்லாத்தான் ஆச்சு மாமாவுக்கு. புள்ள பேசறதக் கேட்டாருங்க்கா."

அருணாவின் ஒரு கை தங்கையின் முகம் வரை எழும்பி, தொடாமல் இறங்கியது. காதுமூடியைப் பலா மரத்தின் தாழ்ந்த கிளையில் மாட்டினாள். வாசலுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். துடைத்து வைத்த மெஷின் அங்கேயே கிடந்தது. அதை எடுக்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. "சித்தி வரலையா? ஏம்மா அழுவற?" என்று சுமித்ரா கேட்டுக்கொண்டே போனாள். அந்தக் குரல் வேலி தாண்டி, ஓடை தாண்டி, வளைவில் இறங்குவதை நின்ற இடத்திலிருந்தே பூங்குழலியால் சரியாகச் சொல்ல முடிந்தது. அருணா மட்டும் ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.